தமக்கையார் கைத் திருவலகு

கோமதியம்மை தவமிருந்த இச்சங்கரநயினார் கோயிலில் புற்றுமண்ணையே நோய்க்கு மருந்தாகக் கொள்வோர் பலர். திருவதிகையில் சூலைநோயால் வருந்திய மருணீக்கியார்க்கு மருந்தானது திருநீறு. ஈந்தவர் தமக்கையார் திலகவதியார்.

அவ்வம்மையார் பட்ட துயர் சிறிதன்று. தந்தை புகழனார் மறைந்தார். தாய் மாதினியாரும் உடன் சென்றார். மணம் பேசப்பெற்ற கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். உயிர்விடத் துணிந்தவரைத் தடுத்தது தம்பியின் அழுகை. அத்தம்பியோ பின்னர்ச் சமணம் புகுந்து தருமசேனரானார்! அம்மையார் வெகுண்டாரல்லர். திருவாமூரை விட்டுத் திருவதிகை சென்று, நாள்தோறும் கோயிலைப் பெருக்கிச் சாணமிட்டு மாலை கட்டி, இறைவனிடமே முறையிட்டு வந்தார். பொருளுதவிய அன்பர்கள் பொறுத்தருள்க: பொன்னளித்தோர் பெயர் கல்லில் ஏறும், பெருக்கியவர் பெயர் ஏறுவதில்லை. சேக்கிழார் பெருமான் ஏற்றினார்.

ஓரிரவு தம்பி வந்து அடியில் வீழ்ந்தார். ஏன் பிரிந்தாய் என அம்மையார் வினவவில்லை. நீறளித்து, இருள் விலகுமுன் அலகும் சாணமும் எடுத்துக்கொண்டு, அவரையும் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். நாவுக்கரசரான பின்னும் அத்தம்பியார் கையில் உழவாரம் இருந்தது.