அமைதி மன்றத்தில் யார் சேர்வர்?

ஏற்காட்டு ஏரிக்கரையில் உங்களைப் போன்றோர் சிலர் என்னை வினவினர்: “உலக அமைதிக்கெனப் புதிய மன்றம் தோன்றினால், எந்நாடுகள் சேரும் என்று முன்னரே கூறலாமா?” சேர்வராயன் மலையில் மூடுபனி எப்பொழுது விலகும் என்று உரைப்பது அதனினும் எளிது என்றேன்.

1920இல் பிறந்த சர்வதேச சங்கத்திற்கு வித்திட்டவர் அமெரிக்கத் தலைவர் வில்சன். அமெரிக்காவோ அதில் சேரவே இல்லை. உடன்படிக்கையை ஏற்கச் செனட் சபையில் மூன்றில் இரு பங்கு வாக்கு வேண்டும், அது கிட்டவில்லை. அழைப்பவரைப் பார்த்துக் கணித்தோர் ஏமாந்தனர். ஒப்புதல் தருபவரையன்றோ பார்த்திருக்க வேண்டும்! சங்கத்திற்கு ஜெனீவாவில் இடமளித்த சுவிட்சர்லாந்து, ஐக்கிய நாடுகள் சபையில் மக்கள் வாக்கெடுப்புக்குப் பின் 2002இல்தான் சேர்ந்தது.

இந்தியாவோ விடுதலைக்கு முன்பே, 1945 ஜூன் 26இல், சான்பிரான்சிஸ்கோவில் அச்சபையின் சாசனத்தை ஏற்றது; நம் சார்பில் கையொப்பமிட்டோருள் ஒருவர் ஆற்காடு இராமசாமி முதலியார். மாநாட்டுக்கு வராத போலந்துக்கெனச் சாசனத்தில் ஓரிடம் வெறுமையாக விடப்பட்டது. அக்டோபர் 15இல் போலந்து கையொப்பமிட்டது. அந்த ஒரு கணிப்பு பலித்தது.