தீ அபாயமும் பல்கலைக்கழக வளாகமும்

பல்கலைக்கழக வளாகம் என்பது ஒரு சிற்றூரை ஒத்தது. பகலிலே விரிவுரை மண்டபங்களும் ஆய்வுகூடங்களும் நிறைந்திருக்கும். இரவிலே விடுதிகள் நிறைந்திருக்கும். ஆய்வுகூடத்தில் வாயுச் சுடரும் எளிதிற் பற்றும் இரசாயனங்களும் உண்டு. நூலகத்தில் அடுக்கடுக்காகக் காகிதம் உண்டு. விடுதி அறையிலோ மின்கேத்தலும், ஒரே செருகியிற் பொருத்திய பல கம்பிகளும், பரீட்சைக்காகக் கண்விழித்துச் சோர்ந்த மாணவரும் உண்டு. தீ மூளுவதற்கு வேண்டிய யாவும் அங்கே உள்ளன. மூண்டபின் அங்குள்ளோர் எவ்வாறு வெளியேறுவர் என்ற எண்ணமோ பெரும்பாலும் இருப்பதில்லை. வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்டத் தொடங்கியவனைப் பற்றி நம் முன்னோர் பழமொழி சொல்லிவைத்தனர். அப் பழமொழியை வகுப்பிலே விளக்கும் ஆசிரியர், அதே வகுப்பின் பின்கதவுத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்பதை அறியாதிருக்கலாம்.

இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. தீ அபாயம் நேரும்போது வளாகத்திலுள்ள எல்லோரையும் வெளியேற்றுவது எப்படி? 'எல்லோரையும்' என்ற சொல்லை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறேன். ஓடக்கூடியவர் ஓடிவிடுவர். ஓட இயலாதவரை முன்கூட்டியே நினைத்துப் பார்த்தோமா என்பதே கேள்வி.

முதலில் ஓர் உண்மை நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்திலே செற்றன் ஹோல் என்னும் பல்கலைக்கழகம் உள்ளது. 2000ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி, விடியற்காலை நாலரை மணியளவில், அங்கு முதலாண்டு மாணவர் தங்கியிருந்த ஆறு மாடி விடுதியில், மூன்றாம் மாடியின் பொது இருக்கைக் கூடத்திலே தீ மூண்டது. மூன்று மாணவர் உயிரிழந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். அபாய மணி ஒலிக்கத் தவறவில்லை. உரிய நேரத்தில் அது ஒலித்தது. ஆயினும் பல மாணவர் படுக்கையை விட்டு எழவில்லை. காரணம் யாதெனின், அக் கல்வியாண்டு தொடங்கிய சில மாதங்களுக்குள் அதே மணி பதினெட்டு முறை பொய்யாக ஒலித்திருந்தது. புலி வருகிறது, புலி வருகிறது என்று கூவிய சிறுவனின் கதையை நாம் அறிவோம். அக் கதையில் ஊரார் சிறுவனை நம்பாது விட்டனர். இங்கே மாணவர் மணியை நம்பாது விட்டனர்.

அக் கட்டடம் 1952இல் எழுந்தது. தீயின் வெப்பம் பட்டவுடன் கூரையிலிருந்து தானாகவே நீரைத் தெளிக்கும் குழாய்கள் அதில் இருக்கவில்லை. அந் நிகழ்ச்சியின் பின்னர், அதே ஆண்டிலே, மாணவர் விடுதிகள் அனைத்திலும் இத்தகைய நீர்த் தெளிப்பான்களைப் பொருத்த வேண்டுமென நியூ ஜேர்சி சட்டம் இயற்றியது. 2008இல் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டமும் ஒரு கடமையை விதித்தது. வளாகத்தில் விடுதிகளை நடத்தும் பல்கலைக்கழகங்கள் அவ் விடுதிகளில் நேர்ந்த தீ நிகழ்ச்சிகளையும், தாம் செய்துள்ள பாதுகாப்பு ஏற்பாடுகளையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பதே அது. பிள்ளையை அனுப்பும் பெற்றோர் அவ் விவரத்தை அறிய உரிமையுடையோர் அன்றோ?

இந் நிகழ்ச்சி புகட்டும் பாடம் தெளிவானது. மணி பொய்யாக ஒலிக்குமாயின் அதன் இணைப்பைத் துண்டித்துவிடுவது பரிகாரமாகாது. ஒவ்வொரு முறையும் ஏன் ஒலித்தது என்று ஆராய்ந்து, காரணத்தை நீக்கி, அதை மாணவருக்கு அறிவிப்பதே பரிகாரம். அபாய மணியின் பயன் அதன் ஓசையில் மட்டும் இல்லை. கேட்பவர் அதன்மேல் வைத்திருக்கும் நம்பிக்கையிலும் உள்ளது.

இனி, தீயின் இயல்பைச் சிறிது நோக்குவோம். கட்டடத் தீயில் இறப்போரிற் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலையன்று, புகையே. அப் புகையிற் கலந்துள்ள காபன் மொனொட்சைட்டு மணமற்றது, நிறமற்றது. உறங்குபவரை விழிக்கவிடாமலே மயக்கிவிடும். புகை மேலெழும் இயல்புடையதாதலின், புகை சூழ்ந்த இடத்திலே தாழ்ந்து தவழ்ந்து செல்வது நன்று. மூடிய கதவு புகையைப் பல நிமிடங்கள் தடுத்து நிறுத்தும். மாடிப்படியின் வாயிலில் தானே மூடிக்கொள்ளும் கனத்த கதவு அமைப்பது இதன் பொருட்டே. அக் கதவிற்குக் காற்றோட்டம் வேண்டி ஆப்பு வைப்போமாயின், தப்பிச் செல்லும் வழியையே புகைபோக்கியாக்கிவிடுகின்றோம். மின்தூக்கியைத் தீ வேளையிற் பயன்படுத்தலாகாது என்பதும் இத்தகைய காரணத்தாலேயே. அதன் கூண்டு செல்லும் குழி புகையை மேலே இழுக்கும். மின்சாரம் நின்றால் உள்ளிருப்போர் இடையிலே சிக்குவர்.

மின்தூக்கி கூடாது, படிகளால் இறங்குக என்று எழுதிச் சுவரில் ஒட்டியவுடன் நம் கடமை முடிந்துவிடுகிறதா? சக்கர நாற்காலியில் அமர்ந்து மூன்றாம் மாடிக்கு மின்தூக்கியால் வந்த மாணவி அவ் வாசகத்தை வாசித்து என்ன செய்வாள்? செவிப்புலனற்ற மாணவன் தன் அறையிலே தனித்து உறங்கும்போது மணியின் ஓசையால் அவனுக்குப் பயன் யாது? பார்வையற்றவர் நாள்தோறும் பழகிய வழி புகையால் அடைபட்டால் மாற்று வழியை எவர் காட்டுவர்? இவர்களோடு இன்னும் பலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பந்தாட்டத்திற் காலை முறித்துக்கொண்டு ஊன்றுகோலில் நடப்பவர், ஆஸ்துமா நோயாளர், நிறைமாதக் கர்ப்பிணியான விரிவுரையாளர், முதுமையெய்திய பேராசிரியர் ஆகியோரும் படிகளில் விரைந்து இறங்க இயலாதவரே. இவர்களை விதிவிலக்காகக் கருதுவது பொருந்தாது. எந்த வளாகத்திலும் எந்த நாளிலும் இவர்களிற் சிலர் இருப்பர்.

இவர்களுக்கு வேண்டிய ஏற்பாடுகள் அரியனவல்ல. செவிப்புலனற்றோர் தங்கும் அறைகளிலும் கழிப்பறைகளிலும் மணியோடு சேர்ந்து பளிச்சிடும் விளக்கு வேண்டும். உறங்கும் வேளைக்கெனத் தலையணையின் கீழ் வைத்து அதிரச்செய்யும் கருவியும் உண்டு. பார்வையற்றவரைக் கையைப் பற்றி இழுத்தல் தகாது. நம் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளச் செய்து, படிகள் தொடங்குவதையும் முடிவதையும் சொல்லிக்கொண்டு முன்னே நடத்தல் வேண்டும். ஆண்டின் தொடக்கத்திலேயே ஒரு வழிக்கு இரண்டு வழியாக அவரோடு நடந்து பழக்கிவிடுவது அதனினும் நன்று.

நடக்க இயலாதோருக்கு இரு முறைகள் உள்ளன. ஒன்று, மாடிப்படியை அடுத்து, தீயைத் தாங்கும் சுவரும் கதவும் உடைய ஓரிடத்திலே தீயணைப்புப் படையினர் வரும்வரை காத்திருத்தல். ஆனால் அங்கே ஒருவர் காத்திருக்கிறார் என்பது வெளியே உள்ளவருக்குத் தெரிந்தால் மட்டுமே அது பாதுகாப்பான இடமாகும். அங்கிருந்து பேசுவதற்குத் தொலைபேசியோ அழைப்புப் பொத்தானோ இருத்தல் வேண்டும்; தீயணைப்புப் படையின் தலைவர் வாயிலை அடைந்தவுடன், எந்த மாடியில் எவர் இருக்கின்றார் என்று சொல்ல ஒருவர் அங்கே நிற்றல் வேண்டும். இவையின்றி 'அங்கே இரும்' என்று சொல்லிச் செல்வது, காத்திருக்கச் சொல்வதாகாது, கைவிட்டுச் செல்வதாகும்.

மற்றைய முறை, படிகளிற் சறுக்கி இறங்கும் வார்களுடன் அமைந்த இலகுவான நாற்காலி. மின்சாரச் சக்கர நாற்காலி நூறு கிலோகிராமுக்கு மேலும் நிறையுடையதாக இருக்கலாமாதலின் அதனைத் தூக்கி இறக்குதல் அரிது. இந்த நாற்காலியோ ஓரிருவரால் ஒருவரைப் பல மாடிகள் இறக்க உதவும். 1993இல் நியூயோர்க் உலக வர்த்தக நிலையத்திலே குண்டு வெடித்தபோது, கைகால் செயலிழந்த ஊழியர் ஒருவரை மேல்மாடியிலிருந்து இறக்குவதற்குப் பல மணி நேரம் சென்றது. அதன்பின் அங்கே இத்தகைய நாற்காலிகள் வாங்கி வைக்கப்பட்டன. 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி அதே மனிதரை, 69ஆம் மாடியிலிருந்து, சக ஊழியர் மாறிமாறித் தாங்கி, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் வெளியே கொணர்ந்தனர். சற்று நேரத்தில் கட்டடம் இடிந்து வீழ்ந்தது. எட்டாண்டுகளுக்கு முன் வாங்கிவைத்த ஒரு நாற்காலி ஓர் உயிரைக் காத்தது.

ஆயினும் கருவி வாங்குவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. அது அவரவரைக் கேட்பது. தம்மை எவ்வாறு தூக்கலாம், எவ்வாறு தூக்கலாகாது, எம் மருந்து உடன் வரவேண்டும் என்பவற்றை நன்கு அறிந்தவர் அவரே. அவரோடு கலந்து அவருக்கெனத் தனித் திட்டமொன்றை எழுதி, அவரிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் கொடுத்துவைத்தல் நன்று. பெயரைப் பதிவது அவர் விருப்பத்தின் வழியே நிகழவேண்டும். பதிந்த விவரம் ஊரறியச் சுவரில் ஒட்டும் பட்டியலாகிவிடக் கூடாது. துணை நிற்போர் ஒருவராக இராமல் மூவராக இருப்பது நன்று. ஒருவர் அன்று விடுமுறையில் இருப்பார்; மற்றொருவர் நூலகத்தில் இருப்பார்; மூன்றாமவராவது அருகில் இருப்பார்.

பணம் செலவாகாத ஏற்பாடும் உண்டு. நடக்க இயலாத மாணவர் பயிலும் பாடத்தின் விரிவுரையைக் கீழ்த்தளத்து மண்டபத்துக்கு மாற்றிவிடலாம். அவருக்கு விடுதியில் வாயிலையடுத்த கீழ்த்தள அறையைக் கொடுக்கலாம். நேரசூசியைத் தயாரிக்கும் எழுதுவினைஞரின் பேனா செய்யக்கூடிய இக் காரியத்துக்கு இணையான கருவி கடையில் இல்லை.

திட்டம் காகிதத்தில் இருந்தாற் போதாது, ஒத்திகை வேண்டும். பல இடங்களில் ஒத்திகை நாளன்று, 'உங்களுக்குச் சிரமம், நீங்கள் வரவேண்டாம்' என்று சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் அன்போடு சொல்லிவிடுவர். அந்த அன்பு ஆபத்தானது. அவரின்றி நடக்கும் ஒத்திகையில், அவரை விட்டுவிட்டு இறங்குவதற்கே மற்றவர் பழகுகின்றனர். படிகளில் இறக்குவதை முதலில் உடல்நலமுள்ள தொண்டர் ஒருவரை அந் நாற்காலியில் அமர்த்திப் பழகலாம். பின்னர் அவர் விரும்பினால் அவரும் பங்குகொள்ளலாம். இரவிலும் ஒருமுறை ஒத்திகை நடத்துதல் வேண்டும். வெளியேறியோர் கூடும் இடத்திலே தொகையெண்ணி, வராதவர் எவரெனக் கண்டறிவதே ஒத்திகையின் முடிவு.

பூட்டைப் பற்றியும் ஒரு சொல். திருட்டுக்கும் அந்நியருக்கும் அஞ்சி விடுதியின் பின்வாயிலைப் பூட்டி, சாளரங்களுக்கு இரும்புக் கம்பி இடுவது நம் வழக்கம். 2001 ஓகஸ்ட் 6ஆந் திகதி, தமிழ்நாட்டின் ஏர்வாடியிலே மனநோயாளர் தங்கியிருந்த விடுதியொன்றிற் தீப்பற்றியபோது 28 பேர் மாண்டனர். அவர்கள் சங்கிலியாற் பிணைக்கப்பட்டிருந்தனர். அவர்களை மாளச் செய்தது மனநோயன்று, அச் சங்கிலியே. வெளியிலிருந்து திறக்க இயலாததாயும், உள்ளிருந்து தள்ளினால் திறப்பதாயும் உள்ள கதவு எங்கும் செய்யக்கூடியதே. காவலும் வேண்டும், உயிரும் வேண்டும் என்போர்க்கு அதுவே வழி.

இலங்கையிலே உடல், உளக் குறைபாடுடையோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல், 28ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறிற்று. பொதுக் கட்டடங்களுள் அவர்கள் செல்வதற்கு வசதி செய்யவேண்டுமென்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. இவர்களின் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஆபத்து வேளைகளில் இவர்களுக்குப் பாதுகாப்பளிப்பது அரசின் கடமையென்று அச் சமவாயத்தின் 11ஆம் உறுப்புரை கூறுகிறது. ஆகவே வாயிலிற் சாய்தளம் அமைத்தவுடன் கடன் தீர்ந்ததென்று கருதலாகாது. உள்ளே வர வழி செய்தவர் வெளியே செல்லவும் வழி செய்யவேண்டும்.

நேயர்களே, உங்களுள் மாணவர் இருப்பீர்கள், பெற்றோர் இருப்பீர்கள், நிருவாகத்தில் உள்ளோரும் இருப்பீர்கள். நாளைக் காலை வளாகத்துக்குச் செல்லும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள். இக் கட்டடத்தின் இரண்டாவது வாயில் எது, அது திறந்திருக்கிறதா? அபாய மணி கடைசியாகச் சோதிக்கப்பட்டது எப்போது? படியிறங்க இயலாத நம் தோழரை இறக்கும் பொறுப்பு எவருடையது? முதலிரு வினாக்களுக்கு விடை கிடைத்து, மூன்றாவதற்கு மௌனமே விடையாகுமாயின், அவ் வளாகத்தில் இன்னமும் திட்டம் இல்லையென்றே கொள்க. அம் மௌனத்தைக் கலைக்கும் வேலையை, மணி ஒலிப்பதற்கு முன்பே தொடங்குவோமாக.