எந்திரம் எழுதும் தலையெழுத்து
(சிதம்பரத்தில் செய்த சொற்பொழிவு)



கடலூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் உங்களுக்குப் பாரிசவாயு என்னும் வியாதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லுகிறேன். பாரிசவாயு, பக்கவாதம் என்று பெயர் வைத்ததிலிருந்தே அது ஏதோ காற்றினால் வருகிற சங்கதி என்று நமது ஜனங்கள் எண்ணிக்கொண்டார்கள். முனி அடித்துவிட்டது என்பார் சிலர். புறாவை அறுத்து, விழுந்துபோன கைகாலில் ரத்தத்தைத் தடவுவார் சிலர். புறாவுக்கு உயிர் போனதுதான் மிச்சம்!

உண்மை என்னவென்றால், மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ அந்தப் பாகம் கெட்டுப்போகிறது. இடது மூளை கெட்டால் வலது கை விழும். அடைப்பினால் வந்ததாயிருந்தால் 4½ மணி நேரத்துக்குள் அதைக் கரைக்கும் மருந்தை ஏற்ற இடமுண்டு. அந்த நேரத்தைத்தான் நாம் விபூதிக்கும் புறாவுக்கும் செலவழிக்கிறோம்.

சரி, உயிர் தப்பியது. இனிக் கை வருமா, வராதா? இதற்குப் பதில் சொல்லப் பக்கத்திலேயே வைத்தீஸ்வரன் கோயில் இருக்கிறது. நாடி ஜோசியர் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டு ஓலையைப் பார்த்துச் சொல்லுகிறார். வைத்தியரும் அந்தக் கையைத்தான் பார்க்கிறார். ஆனால் ரேகையையல்ல, விரலை நீட்ட முடிகிறதா என்று பார்க்கிறார்.

ஹாலந்து தேசத்தார் 2010-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றுண்டு. முதல் 72 மணி நேரத்துக்குள் விரலைக் கொஞ்சம் நீட்டவும், தோளிலிருந்து கையைத் தூக்கவும் முடிந்தவர்களில் 100-க்கு 98 பேருக்கு 6 மாதத்தில் ஓரளவு கை வேலை திரும்பும் என்பது அவர்கள் கணக்கு. இரண்டும் முடியாதவர்களிலோ 100-க்கு 25 பேர். அந்த இரண்டு அசைவும் இல்லாதவர்களிலும் நாலில் ஒருவருக்கு ஓரளவு கை வேலை திரும்புகிறது! அந்த ஒருவர் யார் என்பதுதான் கேள்வி.

இங்கேதான் மூளை அலைப்பதிவு வருகிறது. ஜெர்மனியில் ஜீனா நகரத்து ஹான்ஸ் பெர்கர் 1924-ல் மனித மூளையின் மின்சார அலையை முதன்முதல் பதிந்து, 1929-ல் வெளியிட்டார். நமது அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டதும் அதே வருஷந்தான். பெர்கர் தேடப் புறப்பட்டது மனதுக்கு மனது செய்தி போகும் மார்க்கத்தை. கிடைத்தது வேறு, கிடைத்ததை அளந்து காட்டினார். அதுதான் யோக்கியமான காரியம்.

தலையில் சிறு தகடுகளை ஒட்டுவார்கள். வலி கிடையாது; உள்ளே மின்சாரம் செலுத்துவதும் கிடையாது. விழித்திருந்து கண்ணை மூடிக்கொண்டால், நல்ல மூளையில் வினாடிக்கு 8 முதல் 13 அலைகள் ஓடும். அடிபட்ட இடத்திலோ 4-க்கும் குறைந்த மந்த அலைகள் மிகும். இடது வலது இரண்டையும் ஒப்பிட்டு, மந்தமும் பேதமும் அதிகமாயிருந்தால் குணம் குறைவாகவே வரலாமென்று கருதுகிறார்கள். தூக்கத்தினாலும் சில மருந்துகளாலுங்கூட அலை மந்தப்படும். ஆகவே இதை மாத்திரம் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது.

எனக்குள்ள பயம் வேறு. "எந்திரம் பார்த்தாய்விட்டது, இவனுக்குக் கை வராது" என்று ஒரு கூலிக்காரனுடைய பயிற்சியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன செய்வது? பணக்காரனுக்கு வீட்டிலேயே ஆள் வைத்துப் பயிற்சி நடக்கும். தலையெழுத்து இல்லையென்று சொல்லிவிட்டு, எந்திரம் எழுதின தலையெழுத்துக்கு நாம் தலைகுனிவதா? குணம் பெரும்பாலும் தெரிவது முதல் சில மாதங்களில்தான். அப்பொழுது கைவிட்டால் நாலில் அந்த ஒருவனும் போய்விடுவான். பிறகு கணக்குப் பலித்தது என்பார்கள்!

அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ, கடலூர் ஆஸ்பத்திரிக்கோ போனால், வாய் கோணிய மணியை முதலில் சொல்லுங்கள். மூன்றாம் நாள் விரல் நீண்டதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நீளவில்லையானால், பயிற்சியை யார் சொல்லிக்கொடுப்பார், எத்தனை நாள் என்று கேளுங்கள். ஊர் திரும்பின பிறகு அதைச் செய்விக்கப் போகிறவர்கள் நீங்கள்தான்.