பழைய பாட்டு, புது ரெக்கார்டு

(நமது குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டிலிருந்து வரும் சத்தம் என்ன என்று கேட்டவர்களுக்கு மொத்தமாக ஒரு பதில் சொல்லிவிடுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அதனால்தான் மைக் என் கையில் இருக்கிறது. அந்தச் சத்தத்தின் பெயர் ஜாஸ். அறுபது வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க இசை. நான் வாங்குவது அதன் மறுபதிப்பு இசைத்தட்டுகள்.

ரெக்கார்டு என்பது எங்கள் வீட்டுக்குப் புதிது அல்ல. என் அண்ணன் பாலக்கோடு பக்கம் ரேடியோ செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் மரத்தில் குழாய் கட்டி ரெக்கார்டு போடுவார். ஒவ்வொரு ரெக்கார்டின் நடுவிலும் கடைப் பெயரை ரப்பர் ஸ்டாம்பு குத்தி வைத்திருப்பார். இரவல் போனால் திரும்பி வராது என்ற பயம்!

எனக்கு ஜாஸ் பிடித்தது சிற்றலை வானொலியில். பி.காம். படிக்கிற காலத்தில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவில் வில்லிஸ் கோனோவர் என்பவர் ஜாஸ் நிகழ்ச்சி நடத்துவார். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசுவார். என் இங்கிலீஷுக்கே புரிந்தது. பேங்க் வேலை கிடைத்ததும் மெட்ராஸ் போனால் மூர் மார்க்கெட் போகாமல் திரும்ப மாட்டேன். 1985இல் அது எரிந்துபோவதற்கு முன்னால் அங்கே பழைய எல்பிக்கள் குவிந்து கிடக்கும். டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’ அங்கே வாங்கியதுதான். அவர் 1958இல் மதராஸுக்கும் வந்து வாசித்தவர். வெளிநாடுகளில் கேட்ட தாளங்களை மனதில் வைத்துக்கொண்டு, அடுத்த வருஷம் போட்ட ரெக்கார்டு அது.

கேசட் வந்ததும் அண்ணன் தொழிலை விட்டார். ‘நீ பத்திரமா வெச்சுக்கடா’ என்று ரெக்கார்டுப் பெட்டியை என்னிடம் கொடுத்தார். எனக்குச் சேலத்துக்கு மாற்றல் வந்தபோது வீடு சிறியது, குழந்தைகள் இரண்டு, சிடி காலம் வேறு. அவர் பெட்டி, என் பெட்டி இரண்டையும் பழைய பேப்பர்காரரிடம் கிலோ கணக்கில் போட்டேன். எழுபது ரூபாய் சொச்சம் வந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை. ஒருமுறை கேட்டார். ‘பரண்ல இருக்குங்கண்ணா’ என்றேன்.

ரிட்டையர் ஆனபிறகு பையன் ஒரு டர்ன்டேபிள் வாங்கித் தந்தான். அதன்பிறகுதான் மறுபதிப்புகள் பக்கம் போனேன். ஒரு தட்டு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ஆகிறது. வருஷத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது என்பது வீட்டில் போட்ட ஒப்பந்தம். நோட்டுப் போட்டு எழுதுகிறேன், தணிக்கை வீட்டம்மா.

முப்பத்தைந்து வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. ட்ரூ காப்பி கொடுத்தால், ‘ஒரிஜினலைக் காட்டுங்க’ என்போம். மறுபதிப்பிலும் அதே கேள்விதான். ஸ்டூடியோவில் பதிவான அசல் நாடாவிலிருந்து எடுத்தார்களா, இல்லை, ஏதோ ஒரு சிடியிலிருந்து எடுத்தார்களா? ஐரோப்பாவில் 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பாதி விலைக்குக் கிடைக்கும்; ஆனால் எதிலிருந்து எடுத்தது என்று அட்டையில் ஒரு வரி இருக்காது. அதை நான் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் என்பேன். புளூ நோட் கம்பெனி 2019இல் தொடங்கிய ‘டோன் போயட்’ வரிசையில் அசல் நாடாவிலிருந்து எடுத்தது என்று சொல்லியே விற்கிறார்கள். விலை அதிகம்தான்.

அசல் என்றால் எல்லாம் சரி என்றும் நினைக்க வேண்டாம். மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959இல் வந்தது. பதிவு செய்த இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் தட்டில் சுருதி தூக்கியே ஒலித்தன. இன்னொரு இயந்திரத்தில் எடுத்துவைத்த நாடாவைக் கொண்டு 1992 மறுபதிப்பில்தான் சரிசெய்தார்கள். முப்பத்துமூன்று வருஷம் உலகமே தப்பான சுருதியில் கேட்டு ரசித்திருக்கிறது. பேங்கில் இது நடந்திருந்தால் சஸ்பென்ஷன்தான்.

இன்னொரு கூத்து. மொபைல் ஃபிடிலிட்டி என்ற அமெரிக்கக் கம்பெனியின் தட்டுகள் இடையில் டிஜிட்டல் கலக்காமல் நாடாவிலிருந்து நேராக வெட்டியவை என்று எல்லோரும் நம்பிப் பணம் கொட்டினார்கள். இடையில் டிஜிட்டல் பிரதி இருந்தது 2022இல் வெளியே வந்தது. அதுவும் 2011 முதலே! வழக்கு, பணம் திரும்பத் தருவது என்று போனது. அத்தனை வருஷம் தேர்ந்த காதுக்காரர்கள்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே என் காதைப் பெரிதாக நம்பி யாரும் என்னிடம் ஆலோசனை கேட்க வேண்டாம்.

நம் நாட்டு ரெக்கார்டுகளுக்கும் மறுபிறவி உண்டு. பம்பாய்க்காரர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து ராகங்களை சின்தசைசரில் டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அன்று சீண்டுவாரில்லை. 2010இல் வெளிநாட்டில் மறுபதிப்பு வந்த பிறகு, வயதான காலத்தில் அவரை ஐரோப்பாவுக்குக் கூப்பிட்டு வாசிக்க வைத்தார்கள். மறுபதிப்பு வந்திராவிட்டால் 2015இல் அவர் காலமான சேதி எனக்கெல்லாம் எட்டியிருக்காது.

போன தீபாவளிக்கு அண்ணன் வந்திருந்தார். ‘டைம் அவுட்’ மறுபதிப்பைப் போட்டேன். ‘டேக் ஃபைவ்’ ஓடும்போது தொடையில் தட்டிக்கொண்டே வந்தவர், ‘இது கண்டம்டா, அஞ்சு’ என்றார். சங்கீதம் படிக்காதவர், பம்பைக்காரர்களோடு ராத்திரி முழுக்கத் திருவிழாவில் உட்கார்ந்து வந்த ஞானம்.

ஊசியைத் தூக்கிவிட்டு, பெட்டி விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் தட்டின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘எனக்குத் தெரியும். காரிமங்கலம் சந்தையில என் ஸ்டாம்பு குத்தின ரெக்கார்டு ஒண்ணு இருந்துச்சு. இருபது ரூபாய் கொடுத்து வாங்கிட்டு வந்தேன்’ என்றார். எப்போது என்று கேட்டேன். ‘உன் பொண்ணு காலேஜ் சேர்ந்த வருஷம்’ என்றார். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அதற்குள் அவரே எழுந்து போய் ஊசியை விட்ட இடத்தில் சரியாக வைத்தார்.

என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டு லாஃப்டில் பழைய தட்டுகள் இருந்தால், கிலோவுக்குப் போடுமுன் ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். படுக்க வைக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். நம் ஊர் மே மாத வெயில் மொட்டை மாடி அறையில் தட்டை வளைத்துவிடும். நடுவில் பாலக்கோடு ஸ்டாம்பு இருந்தால் உடனே போன் செய்யுங்கள். சத்தம் அதிகம் என்றாலும் அதே எண்தான், குறைத்துவிடுகிறேன்.