முள்ளும் வட்டமும்



வடிவ கணிதத்தால் வாழ்க்கையில் யாது பயன் என்று நீங்கள் ஆசிரியரைக் கேட்டிருப்பீர்கள். வகுப்பறையில் பல்லாண்டுகள் அக்கேள்விக்கு விடை கூறி வந்தவன் நான். இன்று இசைத்தட்டைக் கொண்டு ஒரு விடை கூற விரும்புகிறேன்.

1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம், நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுநேர இசைத்தட்டை வெளியிட்டது. ஒலிநாடாவும் குறுந்தட்டும் வந்த பின்னரும் அது மறைந்துவிடவில்லை. இன்றும் புதிய தட்டுகள் அச்சாகின்றன. அதன் ஒவ்வொரு பக்கத்திலும் மயிரிழை போன்ற சுருள் பள்ளம் ஒன்று ஓடுகிறது. பாடகரின் குரல் அப்பள்ளத்தின் சுவர்களில் நெளிவுகளாகப் பதிந்திருக்கிறது. முள் அந்நெளிவுகளின் வழியே அசைய, அதைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் என்னும் சிறு பெட்டி அவ்வசைவை மின்சாரமாக மாற்றுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. மூலத்தட்டை வெட்டும் பொறியில் உளியானது ஆரத்தின் வழியே நேர்கோட்டில் நகர்கிறது. நம் வீட்டுக் கருவியிலோ முள்ளைத் தாங்கும் கை, ஒரு முனையில் அச்சில் பொருந்தியிருப்பதால், வில்போல் வளைந்தே நகர இயலும். நேர்கோட்டில் எழுதியதை வில்லில் படிக்கிறோம். அதனால் உண்டாகும் கோணப் பிழையே ஒலியைக் கெடுக்கிறது.

இதற்குப் பொறியாளர் இரண்டு வழி கண்டனர். கையின் முனையைச் சற்று உள்நோக்கித் திருப்பினர். முள்ளின் நுனி நடுத்தண்டைக் கடந்து ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர் அப்பால் செல்லுமாறும் அமைத்தனர். இதன் கணக்கைச் சுவீடன் நாட்டு எரிக் லோஃப்கிரென் 1938-இல் வெளியிட்டார். அம்முறையில் பொருத்தினால், மையத்திலிருந்து ஏறத்தாழ 66 மில்லிமீட்டர், 121 மில்லிமீட்டர் ஆகிய இரண்டு இடங்களில் பிழை அறவே இராது. ஏனைய இடங்களில் அது சுமார் 2 பாகைக்குள் அடங்கும்.

செய்முறை எளிது. அவ்விரு புள்ளிகளும் அவற்றினூடே இணைகோடுகளும் வரைந்த அட்டையைத் தண்டில் மாட்டுங்கள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கார்ட்ரிட்ஜின் இரு திருகாணிகளையும் சற்றே தளர்த்துங்கள். முள்ளை ஒரு புள்ளியில் மெல்ல இறக்கி, கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு மறு புள்ளியிலும் பாருங்கள். இரண்டிலும் இணையாகும் வரை முன்னும் பின்னும் நகர்த்தி, திருப்பி, இறுதியில் திருகாணிகளை முடுக்குங்கள். அதன்பின் முள்ளின் பாரத்தைத் தயாரிப்பாளர் குறித்த அளவில் வையுங்கள். பல கார்ட்ரிட்ஜ்களுக்கு அது 2 கிராமுக்கு அண்மையில் இருக்கும். பாரத்தைக் குறைத்தால் தட்டு தேயாது என்று எண்ணுவோர் உண்டு. அது தவறு. பாரம் போதாத முள், பள்ளத்தில் துள்ளிச் சுவரைச் சிதைக்கும்.

நான் பணியாற்றிய ஒரு பள்ளியில், ஒவ்வொரு தட்டிலும் கடைசிப் பாட்டு கரகரத்தது. தட்டுகள் தேய்ந்துவிட்டன, எறிந்துவிடலாம் என்றார்கள். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், "முதல் பாட்டு நன்றாக இருக்கிறதே, ஐயா!" என்றான். நல்ல கேள்வி அது. விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் பள்ளம் முள்ளின்கீழ் ஓடுகிறது; உட்பகுதியிலோ சுமார் 20 சென்டிமீட்டர்தான். அங்கே நெளிவுகள் நெருங்கியிருப்பதால் சிறு கோணப் பிழையும் பெரிதாகக் கேட்கும். அவன் அட்டை வரைந்து அளந்தான். கார்ட்ரிட்ஜ் 3 மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தது. அதைத் திருத்தியதும் கரகரப்பு அடங்கிற்று. குப்பைக்குச் செல்லவிருந்த தட்டுகள் மீண்டும் பாடின.

மாணவர்களே, தேய்ந்த பள்ளத்தை எவராலும் மீட்க இயலாது. மறைந்த கலைஞர் சிலரின் குரல் இத்தகைய தட்டுகளில் மட்டுமே எஞ்சியிருக்கிறது. ஆகவே, பொருளின்மேல் குற்றம் சாட்டுமுன் அதைப் படிக்கும் கருவியை அளந்து பாருங்கள். அளந்தறியும் பழக்கம் காக்கத் தக்கவற்றைக் காக்கும்.