கூலன்ட் எங்கே போகிறது?

(பேஸ்மென்ட் பார்க்கிங் பற்றி நடந்த குடியிருப்போர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



பேஸ்மென்ட்டில் மூலைத் தூண் பக்கத்தில் இரண்டு மாதமாக ஒரு இளஞ்சிவப்புக் கறை இருந்ததே, அது என் காருடையது. "நீங்களே வந்து பேசிவிடுங்கள்" என்று செயலாளர் சார் சொன்னபோது, அபராதத்துக்குப் பதிலாகத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. வந்துவிட்டேன்.

என் கார் எது என்று உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டார்ட் செய்தால் ஏ பிளாக் முழுவதும் எழுந்துகொள்ளுமே, அந்த இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். பெயர்தான் பெரிது, வயது 16, எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டியது.

உங்கள் கார்களில் எஞ்சினும் ரேடியேட்டரும் முன்னால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஐந்தாறு லிட்டர் கூலன்ட் போதும். என் வண்டியில் எஞ்சின் சீட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள் இரண்டு ஓரத்திலும். இரண்டையும் இணைக்க வண்டிக்கு அடியில் நீளமான குழாய்கள். மொத்தம் 20 லிட்டர் அளவுக்குக் கூலன்ட் சுற்றுகிறது. அதன் டேங்க் பின் டிக்கிக்குள் இருக்கிறது. ஆக, ஒழுக ஆரம்பித்தால் தேட வேண்டிய இடம் அதிகம்.

முதல் முறை கூலன்ட் விளக்கு மின்னியது ஈ.சி.ஆரில். சூடு காட்டும் முள் நடுவிலேயே இருந்தது. முள் சரியாகத்தானே இருக்கிறது என்று வீடுவரை ஓட்டி வந்தேன். அது தவறு. விளக்கு பார்ப்பது டேங்கில் உள்ள மட்டத்தை. முள் பார்ப்பது கூலன்ட்டின் சூட்டை. மட்டம் மிகவும் இறங்கி, சூடு பார்க்கும் சென்சார் காற்றில் நின்றுவிட்டால், எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாக நிற்கும். விளக்கு வந்தால் ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முள்ளை நம்ப வேண்டாம்.

நிறுத்தியதும் மூடியைத் திறந்து பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். திறக்காதீர்கள். வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தம் அந்த மூடிக்கு அடியில் இருக்கிறது. அழுத்தம் இருப்பதால்தான் 110 டிகிரியிலும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திருகிய நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். குக்கரை விசில் அடங்கும் முன் திறக்கமாட்டோம், காரில் மட்டும் ஏனோ அவசரம். மேல் ஹோஸைத் தொட்டால் கை தாங்கும் அளவுக்கு ஆறட்டும்.

நான் செய்த அடுத்த தவறு, குறைந்ததை ஊற்றி நிரப்பிவிட்டு மறந்தது. மூன்று முறை ஊற்றினேன். அதில் ஒரு முறை பேஸ்மென்ட் குழாய்த் தண்ணீர். நம் போர்வெல் தண்ணீர் கெய்சரை என்ன பாடு படுத்துகிறது என்று உங்களுக்கே தெரியும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் அதே உப்புதான் படியும். அவசரத்துக்கு வேண்டுமானால் பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரை ஊற்றுங்கள். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள்; ஒரே நிறத்தில் வேறு வேறு ரசாயனம் வருகிறது. காரின் கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும்.

கூலன்ட் பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருள் அல்ல. அடிக்கடி குறைகிறது என்றால் எங்கோ போகிறது. எங்கே என்று தெரியாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது பிரச்சினையைத் தள்ளிப்போடுவதுதான்.

ஒர்க் ஷாப்பில் காட்டினேன். வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஈரம் இருந்தது, பம்ப்பை மாற்றினார்கள். பில் எவ்வளவு என்று என் மனைவி இங்கே இருப்பதால் சொல்ல விரும்பவில்லை. இரண்டே வாரத்தில் விளக்கு மறுபடியும் வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம் கட்டடத்திலும் இதுதானே நடக்கிறது? இரண்டாம் மாடியில் சீலிங் ஊறினால், மேலே நேராக உள்ள பாத்ரூம்தான் காரணம் என்று சண்டை போடுகிறோம். கடைசியில் பார்த்தால் நான்காம் மாடிக் குழாய், சுவர் வழியே இறங்கி வந்திருக்கும். சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் இன்னொன்று.

பிறகு நானே தேட ஆரம்பித்தேன். எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் டேங்கின் மட்டத்தில் ஒரு டேப் ஒட்டினேன். இரவு வண்டிக்கு அடியில் பெரிய அட்டையை விரித்தேன். காலையில் அட்டையில் ஒரு சொட்டுகூட இல்லை, ஆனால் ஒரு பயணம் போய்வந்து ஆறிய பிறகு மட்டம் இறங்கியிருந்தது. சூடும் அழுத்தமும் ஏறும்போது மட்டும் திறக்கும் ஓட்டை என்பது அப்போது புரிந்தது. அதற்குத்தான் பிரஷர் டெஸ்டர் இருக்கிறது. சைக்கிள் பம்ப் மாதிரி ஒரு கைப்பம்ப், மேலே ஒரு மீட்டர். ஆறிய எஞ்சினில் மூடிக்குப் பதிலாக இதை மாட்டி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தம் வரை அடிக்க வேண்டும். அதைத் தாண்டக் கூடாது. பத்து நிமிடத்தில் முள் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. டார்ச் அடித்துத் தேடலாம்.

டிக்கி கார்பெட்டைத் தூக்கியபோது கைக்குப் பிசுபிசுவென்று ஈரம் பட்டது. பிளாஸ்டிக் டேங்கின் பின்பக்க அடி ஓரத்தில், முடி அளவு விரிசல். 16 வருடம் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. அங்கிருந்து கசிந்து, எஞ்சின் மேல் இறங்கி, பம்ப்பை நனைத்திருக்கிறது. டேங்கை மாற்றும்போது மூடியையும் மாற்றினேன். மூடியின் ரப்பர் தளர்ந்தால் அதன் வழியாகவே கூலன்ட் வெளியேறும். விலை குறைவு, எந்தக் காருக்கும் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

நான்காவது நாள் விளக்கு திரும்பவும் வந்தது! உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. ஆனால் இது ஒழுக்கு இல்லை, ஏர் லாக். நீளக் குழாய்களில் தங்கிய காற்று மெல்ல மெல்ல வெளியேற, மட்டம் இறங்கியிருக்கிறது. முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நிரப்பும் கருவி உண்டு. அதை வைத்து நிரப்பிய பிறகு இன்றுவரை டேப்பை விட்டு மட்டம் இறங்கவில்லை.

டெஸ்டரில் முள் இறங்காமல் நிற்கிறது, வெளியே ஈரமே இல்லை, ஆனாலும் கூலன்ட் குறைகிறது என்றால் எஞ்சினுக்குள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயிலில் பால் கலந்த நிறம் எல்லாம் ஹெட் கேஸ்கெட் போனதற்கு அடையாளம். டேங்கின் வாயில் நீல ரசாயனம் வைத்துப் பார்ப்பார்கள். அது மஞ்சளானால் உறுதி. அப்போது வண்டியை ஓட்டாமல் இழுத்துக்கொண்டு போங்கள்.

இனி, அந்தக் கறை. டேங்க் மாற்றுவதற்கு முந்தைய வாரம், ஒரு நாள் வண்டியை நிறுத்திய சூட்டில் நிறையவே கொட்டியிருக்கிறது. நான் மேலே போய்விட்டேன். படிக்கட்டுக்கு அடியில் குட்டி போட்டிருக்கும் பூனை அதை நக்க வந்ததைப் பார்த்து வாட்ச்மேன் அண்ணன்தான் விரட்டியிருக்கிறார். அவர் அதைச் சொன்ன பிறகு அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெரும்பாலான கூலன்ட்டில் இருப்பது எத்திலின் கிளைகால். இனிக்கும், அதனால்தான் ஆபத்து. தண்ணீர் கலக்காதது என்றால், 4 கிலோ பூனையைக் கொல்ல ஒரு டீஸ்பூனைச் சற்றே தாண்டினால் போதும். நாய்க்கும் குழந்தைக்கும்கூட விஷம். முதலில் போதை ஏறியதுபோலத் தள்ளாடும், பிறகு தெளிந்த மாதிரி தெரியும்; அதற்குள் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும். நக்கியதைப் பார்த்தால் தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் மருந்து போனால்தான் பலன்.

காருக்கு அடியில் ஈரம் பார்த்ததும் பயப்பட வேண்டாம். நிறமும் வழவழப்பும் இல்லாத தண்ணீர் என்றால் ஏ.சி. தண்ணீர்தான். நிறமோ வழவழப்போ இருந்தால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்ச விட்டு, அள்ளிப் பையில் கட்டி, பிறகு துடையுங்கள். ஹோஸ் பிடித்துக் கழுவி விடாதீர்கள். அந்த மூலையில் உள்ள வடிகால் நேராக மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத்தான் போகிறது.

மணல் வாளி ஒன்று லிப்ட் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பிரஷர் டெஸ்டர் சங்க அலுவலக அலமாரியில் இருக்கிறது, நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொள்ளலாம். அதிலுள்ள மூடிகளில் உங்கள் காருக்குப் பொருந்துவது எது என்று தெரியவில்லை என்றால் ஞாயிறு காலை கீழே வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன், பத்து மணிக்கு மேல். அதற்கு முன் ஸ்டார்ட் செய்யமாட்டேன் என்று ஏ பிளாக்குக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.