எடை குறைக்கும் மருந்துகள்

உடற்பருமனுக்கான புதிய ஊசி மருந்துகள் பசியைக் குறைத்து எடையை இறக்குகின்றன. அவற்றில் ஒன்றான செமாகுளூடைட், சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஹார்மோனைப் போல வேலை செய்வதால் சீக்கிரமே வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. 2021இல் வெளியான ஆய்வில், 68 வாரம் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களின் எடை சராசரியாக 15 விழுக்காடு குறைந்தது; வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 விழுக்காடுதான். இருதரப்பும் உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்கள்.

மலேசியாவுக்கு இது அவசரமான விஷயம். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள். விடியுமுன் எழுந்து மரம் மரமாய் நடந்து பால் சீவிய உழைப்பு, சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களை விட்டு ஈப்போவுக்கு வந்த குடும்பங்களுக்கு இன்று இல்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் ரொட்டி சானாயும் கூடியிருக்கின்றன.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் இம்மருந்துகளின் வழக்கமான பக்கவிளைவுகள். அரிதாகப் பித்தக்கல், கணைய அழற்சி வரலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. இனிப்புநீருக்கு இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். ஊசியை நிறுத்தினால், குறைந்த எடையில் பெரும்பகுதி ஓராண்டில் திரும்புகிறது.

இவற்றைவிடக் கொடிய ஆபத்து, மெலியவைக்கும் காப்பிப் பொட்டலங்கள். இதயத்தைப் பாதிப்பதால் 2010இல் பல நாடுகள் விலக்கிய சிபுட்ராமின் என்ற மருந்து, அவற்றில் கலந்திருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆகவே வாங்குமுன் பாருங்கள்: மலேசியாவில் பதிவுபெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கும்.